மரத்தைக் காத்தது யார்?

நான் பத்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் இலக்கணம் என்றாலே பயம். மகள் பள்ளியில் தந்த பயிற்சித் தாளை அவளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் அந்தப் பயம் போச்சு.

அதில் இருந்தது ரேணி கிராமத்தின் வரலாறு. இமயமலையில், இன்றைய உத்தரகாண்டில் உள்ள ஊர். 1974 மார்ச் 26. ஆம்பளைங்க நிலத்துக்கு நஷ்டஈடு வாங்க வெளியூர் போயிருந்தாங்க. அந்த நேரம் பார்த்து காண்டிராக்டர் ஆட்கள் காட்டை வெட்ட வந்துட்டாங்க. மகிளா மங்கள் தள் என்ற பெண்கள் சங்கத் தலைவி கௌரா தேவியும் மற்ற பெண்களுமாக 27 பேர் போய் மறித்தார்கள். ராத்திரியெல்லாம் காவல் இருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு அந்தப் பகுதியில் 10 வருஷம் மரம் வெட்டத் தடை வந்தது.

தாளில் கடைசி வரி, 'த ட்ரீஸ் வேர் சேவ்ட்'. மரங்கள் காப்பாற்றப்பட்டன.

"யாரு காப்பாத்தினாங்கன்னு இதுல இல்லையேடி?" என்றேன்.

"இது செயப்பாட்டு வினைம்மா. ஆளைச் சொல்லாமலே எழுதலாம்" என்றாள். செய்வினையாக மாற்றியும் காட்டினாள்: 'விமன் சேவ்ட் த ட்ரீஸ்'.

அன்னைக்கே எங்க குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டினேன். 'ஊருணி தூர்வாரப்பட்டது' என்று இருந்தது. என் கையெழுத்துதான். மண் சுமந்தது நாங்க 14 பேர். அதற்குக் கீழேயே 14 பேர் பெயரையும் எழுதி வைத்தேன்.