கசந்துபோன சீனியும் காட்டிலிருந்து வந்த இனிப்பு இலையும்

(‘சீனிக்கு மாற்று உண்டா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீனிக்குப் பதிலாக ஸ்டீவியாவை வீட்டில் பயன்படுத்தலாமா என்பதுதான் இன்று மன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. மருத்துவக் கோணத்தில் பேச இங்கே மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்டிருப்பது வரலாறு. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஏன் தடுக்கப்பட்டது, ஏன் பிறகு அனுமதிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால், பேரங்காடியில் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது விளம்பரத்தை நம்பி ஏமாறவும் மாட்டோம். வீண் பயத்தால் ஒதுக்கவும் மாட்டோம்.

சீனியோடு நமக்குள்ள உறவு

முதலில் சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. மலாயாவுக்குத் தமிழர்கள் ரப்பர் வெட்ட வந்தார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். ரப்பருக்கு முன்பே கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே கரும்பு வெட்டவும் ஆலையில் சாறு காய்ச்சவும் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்து கரும்பை ஓரங்கட்டியது. 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுக்கு வந்தது.

அன்று சீனியை உற்பத்தி செய்ய உடல் தேய்ந்தது. இன்று சீனியை உண்டு உடல் தேய்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனாலும் நம் வீட்டு விருந்துகளில் எத்தனை பேர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாயசத்தில் கைவைக்கிறார்கள் என்பது நமக்கே தெரியும். இந்த நிலையில்தான் ‘சீனித்துளசி’ என்ற பெயரோடு ஸ்டீவியா நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

துளசி அல்ல

ஸ்டீவியாவுக்கும் துளசிக்கும் தாவரவியலில் எந்த உறவும் இல்லை. அது சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் தாயகம் தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டின் வடகிழக்கில் உள்ள அமம்பாய் மலைப்பகுதி. அங்கே வாழும் குவாரனி பூர்வகுடியினர் அதை ‘கா-ஆ ஹே-ஏ’ என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் ‘இனிப்பு மூலிகை’ என்று பொருள். நாம் தேநீர் குடிப்பதுபோல அவர்கள் குடிப்பது மாத்தே என்ற கசப்பான இலைச்சாறு. அந்தக் கசப்பை மாற்ற இந்த இலையைச் சிறிது சேர்த்துக்கொள்வார்கள். மருந்தாகவும் கொண்டார்கள். மூட்டை மூட்டையாக உண்ட பொருள் அல்ல. சில இலைகள் மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர் வைத்தவர்கள்

சுவிட்சர்லாந்திலிருந்து 1884ஆம் ஆண்டில் குடும்பத்தோடு தென் அமெரிக்காவுக்குக் குடியேறியவர் மோய்சேஸ் பெர்த்தோனி என்ற தாவரவியலாளர். பராகுவேயில் தங்கிவிட்ட அவர், இந்த இனிப்பு இலையைப் பற்றிப் பூர்வகுடி வழிகாட்டிகளிடமிருந்து கேள்விப்பட்டார். செடி வளரும் இடம் தொலைவில் இருந்ததால் முதலில் அவருக்குக் கிடைத்தவை காய்ந்த இலைத் துணுக்குகளே. அவற்றை வைத்து 1899ஆம் ஆண்டில் செடியை விவரித்து எழுதினார். உயிருள்ள செடி கைக்குக் கிடைத்த பிறகு, 1905ஆம் ஆண்டில், ‘ஸ்டீவியா ரெபாடியானா’ என்று இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார்.

அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ‘ஸ்டீவியா’ என்பது 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வலென்சியாவில் வாழ்ந்த எஸ்தேவே என்ற மருத்துவரின் நினைவாக வந்தது. ‘ரெபாடியானா’ என்பது அந்த இலையை ஆராய்ந்த பராகுவே வேதியியலாளர் ஒவிதியோ ரெபாடியின் பெயர். எஸ்தேவே அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. இலையின் இனிப்பைக் கண்டறிந்து தலைமுறை தலைமுறையாகக் காத்த குவாரனி மக்களின் பெயர் அதில் எங்கும் இல்லை. அறிவு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது காலனியக் காலம் முழுவதும் நடந்த கதைதான்.

300 மடங்கு இனிப்பு

1931ஆம் ஆண்டில் பிரிடெல், லாவியேல் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இலையிலிருந்து இனிப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஸ்டீவியோசைடு என்று பெயர். சீனியைவிட ஏறக்குறைய 300 மடங்கு இனிப்பு. பின்னர் 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே இலையில் ரெபாடியோசைடு-ஏ என்ற இன்னொரு பொருளைக் கண்டார்கள். முன்னதில் நாக்கின் பின்புறம் தங்கிவிடும் ஒரு கசப்பு இருக்கும். பின்னதில் அது குறைவு. இன்று கடையில் விற்கும் தூளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இனிப்பாக இருந்தும் இது ஏன் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில்லை? சிறுகுடலில் இது செரித்து உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இதை ஸ்டீவியோல் என்ற பொருளாக உடைக்கின்றன. அது கல்லீரல் வழியாகச் சென்று சிறுநீரில் வெளியேறிவிடுகிறது.

அச்சமும் அனுமதியும்

1968ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ என்ற புகழ்பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்த இலையின் கஷாயத்தைக் குடித்த எலிகளுக்குக் கருத்தரிக்கும் திறன் குறைந்தது என்று அது கூறியது. தூய்மைப்படுத்திய இனிப்புச் சத்தை வைத்துப் பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் கிளம்பிய சந்தேகம் எளிதில் அடங்கவில்லை. ‘ஸ்டீவியா சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது’ என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கிடையில் ஜப்பான் வேறு வழியில் சென்றது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஜப்பானும் சைக்ளமேட் என்ற செயற்கை இனிப்பைத் தடை செய்தன. அந்த இடத்தை நிரப்ப ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஸ்டீவியாவை நாடின. 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அது, சோயா சாறு, ஊறுகாய், கருவாடு என்று உப்பு மிகுந்த உணவுகளில் சேர்க்கப்பட்டது. உப்பின் உறைப்பை அது சற்றுத் தணிக்கும்.

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டில் உணவு, மருந்து நிர்வாகம் ஸ்டீவியா இறக்குமதியைத் தடுத்தது. 1994ஆம் ஆண்டில் துணையுணவுகளுக்கான புதிய சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் ஒரு வேடிக்கையான நிலை உருவானது. சத்துணவுக் கடையில் துணையுணவு என்று சொல்லி விற்கலாம். அதையே இனிப்பு என்று சொல்லி உணவில் சேர்க்கக் கூடாது! 2008ஆம் ஆண்டில்தான் நிலைமை மாறியது. அந்த ஆண்டில் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மில்லிகிராம் ஸ்டீவியோல் என்று நிர்ணயித்தது. டிசம்பரில் அமெரிக்கா தூய ரெபாடியோசைடு-ஏவுக்கு ஆட்சேபம் இல்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு இறுதியில் அனுமதித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அனுமதிகள் எல்லாம் 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தூய்மையாக்கிய சத்துக்கே. இலைக்கும் இலைக் கஷாயத்துக்கும் அமெரிக்காவில் அந்த அனுமதி கிடையாது. ‘இலைதான் இயற்கை, தூள் இரசாயனம்’ என்று சொல்லிவிடுகிறோம். முறையாகச் சோதித்து அளவு சொல்லப்பட்டது தூளுக்குத்தான்.

நம் நாட்டுத் தொடர்பு

இதில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2000களின் தொடக்கத்தில் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த பியூர் சர்க்கிள் என்ற நிறுவனம், நெகிரி செம்பிலானில் உள்ள பண்டார் என்ஸ்டெக்கில் ஸ்டீவியா சுத்திகரிப்பு ஆலையை அமைத்தது. 2007ஆம் ஆண்டில் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டில் அதன் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் இன்கிரீடியன் நிறுவனத்திடம் போனது. இலையோ பெரும்பாலும் சீனாவில் விளைகிறது. தாயகத்தில் வாழும் குவாரனி மக்களுக்கு என்ன கிடைத்தது? 2015ஆம் ஆண்டில் சில ஐரோப்பிய அரசு சாரா அமைப்புகள் அறிக்கை வெளியிட்டு, ஸ்டீவியா ஆதாயத்தில் அவர்களுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்று கேட்டன. தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியாமல் போகாது.

அடுக்களையில்

இனி வீட்டுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏற்கத்தக்க நாள் அளவு, ரெபாடியோசைடு-ஏ கணக்கில் ஏறக்குறைய 720 மில்லிகிராம். இனிப்பில் அது பல தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். இரண்டு கோப்பைத் தேநீரில் போடுவதால் யாரும் அந்த அளவைத் தாண்டப் போவதில்லை.

ஆனால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். 300 மடங்கு இனிப்பான பொருளைக் கரண்டியால் அள்ள முடியாது. எனவே எரித்ரிட்டால், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்றவற்றைக் கலந்து அளவைக் கூட்டுகிறார்கள். பின்னிரண்டும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. எரித்ரிட்டால் ஏற்றாது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறியது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. எனினும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

தேநீர், கோப்பி, எலுமிச்சைச் சாறு, பாயசம் ஆகியவற்றுக்கு ஸ்டீவியா ஒத்துவரும். சூட்டில் கெடாது. அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் ஒத்துவராது. அவற்றுக்கு வேண்டியது பாகு. ஸ்டீவியாவில் கம்பிப் பதம் வராது. அப்படியே செய்தாலும் அதிரசத்தின் அரிசி மாவு இரத்தத்தில் சர்க்கரையாகத்தானே மாறும்? அதேபோல, கடையில் ‘சீனி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை வாங்கினால் பயனில்லை. கெட்டிப்பாலிலேயே சீனி இருக்கிறது. ‘தே ஓ கோசோங்’ என்று கேட்பதே சரி.

நாக்கைப் பழக்குவது

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்த ஸ்டீவியா உள்ளிட்ட சீனியற்ற இனிப்புகளை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்த நியூட்ரி-கிரேட் முறையிலும் இதே எண்ணம் உண்டு. சீனியே இல்லாவிட்டாலும், மாற்று இனிப்பு சேர்த்த பானத்துக்கு ‘ஏ’ தரம் கிடைக்காது. மக்களின் நாக்கு இனிப்பிலிருந்து விலக வேண்டும் என்பதே நோக்கம்.

ஆகவே என் முடிவு இது. இனிப்பு நீர் உள்ளவருக்கு ஸ்டீவியா ஒரு நல்ல ஊன்றுகோல். ஊன்றுகோலைப் பிடித்து நடக்கப் பழகலாம். அதை நம்பி ஓடக் கூடாது. இன்று இரண்டு கரண்டி போடுகிறவர் அடுத்த மாதம் ஒன்றாக்கட்டும், பிறகு அரையாக்கட்டும். பிள்ளைகளுக்கு எதுவும் போடாத தேநீரின் சுவையையே பழக்குங்கள். குவாரனி மக்கள் கசப்பான சாற்றில் சில இலைகள்தான் போட்டார்கள். இலையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட உலகம், அந்த அளவையும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம்.