ஒருவர் பேசும் நாடகம்

நாடகம் என்றவுடன் மூன்று மணி நேரக் காட்சியும், பத்துப் பதினைந்து நடிகர்களும், நடுவே ஓர் இடைவேளையும் நம் நினைவிற்கு வருகின்றன. நாற்பது நிமிடத்தில் முடியும் ஓரங்க நாடகத்தை ஆண்டு விழாவில் வரவேற்புரைக்கும் பரிசளிப்புக்கும் இடையே செருகி வைக்கிறோம். ஒருவரே நின்று பேசும் நாடகமோ பள்ளிப் பிள்ளைகளுக்குரிய போட்டி என்ற அளவில் நின்றுவிட்டது. நம் காலத்து நாடகாசிரியர்கள் இவ்வடிவங்களில் சாதித்திருப்பதை நோக்குமிடத்து, இந்த மதிப்பீடு பொருந்தாது என்றே நமக்குத் தோன்றுகிறது. முதற்கண் இதன் பழமையைச் சிறிது காண்போம்.

வடமொழி நாட்டிய சாத்திரம் வகுத்த பத்து நாடக வகைகளுள் பாணம் என்பது ஒன்று. ஓர் அங்கம், ஒரே நடிகன். விடன் எனப்படும் நகரத்து உல்லாசி ஒருவன் தெருவழியே செல்கிறான். எதிர்ப்படுவோர் எவரும் மேடைக்கு வருவதில்லை. வெற்றிடத்தை நோக்கி அவன் வினவுவான், “என்ன சொல்கிறாய்?” என்று கேட்டு, மற்றவரின் விடையையும் தானே கூறுவான். ஆகாச பாஷிதம் என்று இதற்குப் பெயர். இத்தகைய பழைய பாணங்கள் நான்கு 1922இல் ‘சதுர்பாணி’ என்னும் பெயரில் அச்சேறின. வரருசியின் பெயரால் வழங்கும் ‘உபயாபிசாரிகா’ பாடலிபுத்திரத்து வீதிகளையும், சூத்ரகர் பெயரால் வழங்கும் ‘பத்மப்ராப்ருதகம்’ உச்சயினி வீதிகளையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. வணிகர், கணிகையர், போலித் துறவியர் என ஒரு நகரமே ஒருவன் வாயில் அடங்கிவிடுகிறது. குறுநாடகம் நம் மண்ணுக்கும் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய ‘மத்தவிலாசம்’ ஓரங்க நகைச்சுவை நாடகமே.

ஒருவரே பல பாத்திரங்களாக நின்று கதை சொல்லும் கலையில் தமிழருக்கும் மராட்டியருக்கும் பழைய உறவு உண்டு. மராட்டியக் கீர்த்தன மரபு, போன்சலே மன்னர் ஆண்ட தஞ்சையில் வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதனைத் தமிழ்க் கதாகாலட்சேபமாக வளர்த்தெடுத்தார். மும்பையில் வாழும் நாம் பு. ல. தேஷ்பாண்டேயின் ‘படாட்யாச்சீ சாள்’ நிகழ்ச்சியை அயலார் கலை என்று எண்ண வேண்டியதில்லை. கிர்காம் பகுதிக் குடித்தனங்களின் வாழ்வை 1961இல் அவர் தனியொருவராக மேடையேற்றினார். பின்னர் 1979இல், அன்றைய ஔரங்காபாத்தைச் சேர்ந்த பேராசிரியர் லக்ஷ்மண் தேஷ்பாண்டே ‘வர்ஹாட் நிகாலய் லண்டன்லா’ என்னும் நாடகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களைத் தாமே நடித்தார். கிராமத்துத் திருமணக் கூட்டம் ஒன்று இலண்டனுக்குப் புறப்படும் கதை அது. பாணத்தின் விடன் உயிர்த்தெழுந்து மராட்டி பேசுகிறான் என்றே சொல்லலாம். இவற்றிலெல்லாம் பேசுபவன் தனியன் அல்லன்; அவனைச் சூழ ஊர் இருக்கிறது, கேட்டால் விடையும் வருகிறது.

இந்த நிலை மாறியதை நாம் விஜய் டெண்டுல்கரிடம் காண்கிறோம். போலி வழக்கு ஒன்றை நடித்துக் காட்ட விலே பார்லேக்குச் சென்ற நாடகக் குழுவினரின் பேச்சைக் கேட்டதில் பிறந்தது ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’. ரங்காயன் குழுவிற்காக எழுதப்பெற்று 1967இல் மேடையேறிய இந்நாடகத்தை அர்விந்த் தேஷ்பாண்டே இயக்கினார். சுலபா தேஷ்பாண்டே லீலா பெணாரேயாக நடித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கும் விசாரணையில் பள்ளி ஆசிரியை பெணாரே விளையாட்டாகக் குற்றவாளி ஆக்கப்படுகிறாள். மெல்ல மெல்ல விளையாட்டு நஞ்சாகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருப்பது சாட்சியங்களாக வெளிவருகிறது. அதற்குக் காரணமான பேராசிரியர் அங்கு இல்லை. தீர்ப்புக்கு முன் அவள் பேச அளிக்கப்படும் நேரம் பத்து விநாடி!

அப்பொழுது மற்றவர் யாவரும் சிலையென உறைந்து நிற்க, அவள் நெடுநேரம் பேசுகிறாள். தன் இளமையை, ஏமாற்றத்தை, வயிற்றிலுள்ள உயிரை, வகுப்பறைக் குழந்தைகளை எல்லாம் பேசுகிறாள். அரங்கிலிருக்கும் நாம் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறோம். மேடையிலுள்ளோர் செவியில் ஒரு சொல்லும் விழவில்லை. அவர்கள் கணக்கில் பத்து விநாடி கழிந்தது, அவ்வளவே. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டு, விளக்கம் வருமுன்னரே ஆணையைத் தட்டச்சு செய்து வைக்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இக்காட்சி வியப்பளிக்காது. பாணத்தில் மேடைக்கு வராதவர்களும் விடை சொன்னார்கள். இங்கு எதிரே அமர்ந்திருப்பவர்களும் கேட்கவில்லை. இந்த ஒரு திருப்பத்தால் தனிமொழி என்னும் வடிவமே புதுப்பொருள் பெற்றுவிட்டது என்பது நம் துணிபு.

கிரீஷ் கர்னாட் 2005இல் பெங்களூரில் மேடையேற்றிய ‘ஒடகலு பிம்ப’ இன்னும் ஓரடி முன்செல்கிறது. கன்னடத்தில் எழுதிப் பெயர் பெறாத மஞ்சுளா நாயக், ஓர் ஆங்கில நாவலால் உலகப் புகழ் அடைகிறாள். தொலைக்காட்சி நிலையத்தில் உரையாற்றி முடித்து எழும்போது, திரையிலுள்ள அவளது பிம்பமே அவளை மடக்கிக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. அந்நாவலை எழுதியவள், நடக்க இயலாமல் கிடந்து இறந்த அவள் தங்கை மாலினி என்பது முடிவில் தெரிகிறது. பிம்பத்தின் பேச்சு முன்னரே படம் பிடிக்கப்பட்டது. ஆதலின் மேடையில் நடிப்பவர் ஒரு மூச்சும் பிந்தாமல் ஒவ்வோர் இரவும் அதனோடு இணைய வேண்டும். கன்னடத்தில் இதனை ஏற்று நடித்த அருந்ததி நாக்கின் உழைப்பு எளிதன்று. கர்னாடின் மற்றொரு தனிமொழியான ‘பூக்கள்’, இறைவனுக்குச் சூட்டிய மலர்களையே காதலிக்கும் சூட்டிய பூசகர் ஒருவரின் வாக்குமூலம். கதையழகு மிக்கதெனினும், நாடகமாக முன்னதே உயர்ந்தது என்போம்.

தமிழிலும் இக்காலத்துக் குறுநாடகங்கள் இல்லாமல் இல்லை. கூத்துப்பட்டறையை 1977இல் தோற்றுவித்த ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’, ‘நாற்காலிக்காரர்’ ஆகியவையும், தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’யும் நம் சங்க மேடைகள் எடுத்தாளத் தக்கவை. அரங்கச் செலவு குறைவு. நல்ல நடிகர் சிலர் போதும். புணேயில் 1963 முதல் நடந்துவரும் புருஷோத்தம் கரண்டக் போட்டியில் கல்லூரி மாணவர்கள் ஓரங்க நாடகங்களைக் கொண்டே தேர்ச்சி பெறுகின்றனர். நம் இளைஞரிடையே இத்தகைய தனிமொழிகள் பெரும்பாலும் சொற்பொழிவாகவே முடிந்துவிடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேசுபவர்க்கு மறைக்க ஒன்றுமில்லையெனில் அங்கு நாடகம் இல்லை.

இந்நகரில் பிறந்து மராட்டியை விளையாட்டுத் தோழரிடமிருந்து கற்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர் நம்மிடையே உள்ளனர். பெணாரேயின் அந்தப் பேச்சை மூலத்திலிருந்து நேரே தமிழாக்க அவர்களே ஏற்றவர்கள். தமிழில் அவள் எந்த நடையில் பேசுவாள் என்று நண்பர்களோடு பலமுறை விவாதித்ததுண்டு. மாட்டுங்கா வீடுகளின் தமிழிலா, தாராவியின் நெல்லைத் தமிழிலா, பாடநூல் தமிழிலா? வகுப்பில் நிற்கும்வரை பாடநூல் தமிழும், அந்தப் பத்து விநாடியில் மட்டும் அவள் வீட்டுத் தமிழும் பேசட்டும் என்பது நம் கருத்து.