இரும்புக் கறையான்

பழைய சைக்கிளைக் கவிழ்த்தால் சீட் குழாயிலிருந்து செம்மண் மாதிரி ஏதோ கொட்டும், பார்த்திருக்கிறீர்களா? என் அப்பாவின் சைக்கிளில் கொட்டியது. ‘‘மண்ணுடா!’’ என்றார். மண்ணில்லை... ஃப்ரேமே உதிர்ந்துகொண்டிருந்தது!

வெளியே பளபள எனாமல். உள்ளே? பிரஷ் எட்டாத வெறும் இரும்பு. சீட் கம்பி இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும். ராத்திரிக் குளிரில் உள்ளேயிருக்கும் ஈரக்காற்று வேறு வியர்க்கும். எல்லாம் வழிந்து, பெடல் அச்சு இருக்கும் அடிக்கிண்ணத்தில் குளம் கட்டும்.

தடித்த குழாய் என்றால் இது வெறும் சிராய்ப்பு. கதையை மாற்றியது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம். கனமில்லாத சைக்கிளுக்கு மெல்லிய குழாய் வேண்டும். ஆனால், மெல்லிசை மூட்டில் பற்றவைத்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் யோசித்தார். முனைகளில் தடிமன், நடுவே மெல்லிசு... வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது! ஹெவிட் என்பவரோடு சேர்ந்து 1897-ல் பேடன்ட் எடுத்தார். 1935-ல் அதே கம்பெனியின் புகழ்பெற்ற ‘531’ குழாய் வந்தது. நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள குழாய்கள்கூட உண்டு. துரு கால் மில்லிமீட்டர் தின்றால் பாதி காலி!

(1928-ல் ரெனால்ட்ஸை வாங்கிய ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான், 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து மெட்ராஸில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம்ம ஊர் ஹெர்குலிஸுக்கும் பர்மிங்ஹாமில் சொந்தக்காரர்கள் உண்டு.)

வைத்தியம்? ஓவியர்களின் எண்ணெய்! பெயின்டர்கள் ‘லின்ஸீட் ஆயில்’ என்பார்களே... ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் மாதிரி பிசுபிசுத்துக்கொண்டே இருக்காது. காற்றின் ஆக்ஸிஜனை இழுத்துத் தோலாக இறுகிவிடும். ரெம்ப்ராண்டின் வண்ணங்களைப் பிடித்துவைத்திருப்பதும் இதுதான். எஃகுக் குழாய்களால் உடம்பு கட்டிய விமானங்களிலும் இதே வைத்தியம். சின்ன ஓட்டை வழியே சூடான எண்ணெயை ஊற்றி, எங்கும் ஓடவிட்டு, வடித்து, ஓட்டையை அடைத்துவிடுவார்கள். நடுவானில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக முடியாதே!

அமெரிக்க ஃப்ரேம் கைவினைஞர் பீட்டர் வைகிள் இதற்கென்றே ஒரு ஸ்ப்ரே கொண்டுவந்தார். நான் பழைய வழிதான். சீட் கம்பியைக் கழற்றி எண்ணெய் ஊற்றி, அப்பாவும் நானுமாக ஃப்ரேமைப் புரட்டி உருட்டி, மிச்சத்தை வடித்து, மொட்டைமாடியில் சில நாள் தொங்கவிட்டோம். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆக்ஸிஜனை இழுக்கும்போது அது சூடாகும். சில சமயம் தானாகவே தீப்பிடித்துவிடும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.