காங்கேசன்துறை: புகையிரதமும் சீமெந்து ஆலையும்

வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து படிப்படியாக நீண்டு, ஈற்றிலே காங்கேசன்துறையை அடைந்தது என்றே எம்மவர் பலர் எண்ணியிருப்பர். உண்மை வேறு. 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே சுமார் 21 மைல் நீளமான பாதை திறந்துவைக்கப்பட்டது. அவ்வேளை தெற்கிலிருந்து வந்த பாதை அநுராதபுரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. இரு முனைகளும் இணைந்தது 1905 ஆகஸ்ட் முதலாம் திகதியிலேயே. வடக்கின் புகையிரத வரலாறு இத்துறைமுகப் பட்டினத்திலேதான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எனக் கடந்து வண்டி கடற்கரையை அடையும். 1956 ஏப்ரல் 23ஆம் திகதி சேவையைத் தொடங்கிய யாழ்தேவிக்கும் இதுவே கடைசித் தரிப்பிடமாயிற்று.

ஊரின் மற்றைய அடையாளம் சீமெந்து ஆலை. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறையை மூலப்பொருளாகக் கொண்டு அரசாங்கம் நிறுவிய ஆலை 1950இல் உற்பத்தியை ஆரம்பித்தது. அக்காலத்தில் கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் ஜி. ஜி. பொன்னம்பலம் என்பது குறிப்பிடத்தக்கது. சுண்ணக்கல் அயலிலே அகழப்பட்டது. களிமண் மன்னாரின் முருங்கனிலிருந்து கொண்டுவரப்பட்டது. இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டு, பின்னர் ஜிப்சம் சேர்த்துத் தூளாக்கினால் சீமெந்து கிடைக்கும். 1980களில் லங்கா சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் அருகே எழுந்தது. ஆலை பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தைத் தந்தது. கல் அகழ்ந்த இடங்களில் ஆழமான பள்ளங்களையும் விட்டுச்சென்றது.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, ஆலையின் சூளைகள் அணைந்தன, வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்களது காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்குப் பயன்பட்டன.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீளமைக்கப்பட்டது. 2014 அக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியது. கால் நூற்றாண்டு கழிந்து நிலையம் உயிர்பெற்ற அந்நாளிலும் ஆலை மௌனமாகவே நின்றது. காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்தன. புகையிரதம் வந்துவிட்டதனால் மட்டும் ஓர் ஊர் மீண்டுவிடுவதில்லை.

பாதை திறந்த திகதிகள் அரசாங்க ஏடுகளில் உள்ளன. ஆனால் சூளையருகே இரவு முறையில் நின்றவர் யார், நிலையத்தில் மணியடித்தவர் யார், மூட்டை சுமந்தவர் யார் என்பவற்றை அவ்வேடுகள் கூறா. அவற்றை அறிந்த முதியோர் இன்று பல நாடுகளிலே எம் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிவைப்பார்களாயின், அவ்வூரின் வரலாற்றிலே விடுபட்ட பக்கங்கள் நிரம்பும்.