கணக்கு தொடங்க ஒரு அறிமுகக் கையெழுத்து

வங்கியில் கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அது பெரிய தலைவலி. யாரையும் தெரியாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? தமிழ்ச் சங்கத்தில் பார்த்த முகம், மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் என்று யாரையாவது பிடித்துத்தான் பலரும் உள்ளே நுழைந்தார்கள். பிறகு கே.ஒய்.சி. வந்தது, அந்தக் கையெழுத்து போயிற்று.

இதே கையெழுத்துக் கதை கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் நடந்திருக்கிறது. நான் பி.காம். ஆசாமி, நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் டெபியன் என்ற திட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது ஏதோ எங்கள் கிளையின் பழைய லெட்ஜரைப் புரட்டுவது போலவே இருந்தது.

இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியனை அறிவித்தார். (அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். நம்ம ஊரில் கடைக்கும் பஸ்ஸுக்கும் பெயர் வைப்பதில்லையா, அப்படி!) லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் சேர்ந்து வேலை செய்யலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்கூட இந்த டெபியன் மேல் கட்டியதுதான்.

1999-ல் டெபியனில் சுமார் 400 பேர், 2,250 மென்பொருள் பொதிகள். வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. அந்த வருடம் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கேட்டால் திமிர் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெபியனில் முழு உறுப்பினர் ஆன ஒருவர் எந்தப் பொதியை வேண்டுமானாலும் மாற்றி ஏற்ற முடியும். அது உலகம் முழுக்க யார் யாருடைய கணினிக்குள்ளோ போய் உட்காரும். பெட்டக அறைச் சாவி மாதிரி. முகம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதா என்று யோசித்ததில் தப்பில்லை. ஆனால் கதவை இழுத்து மூடிவிட்டால் திட்டமும் மெல்ல வற்றிப் போகும்.

2000-ல் புது நடைமுறையோடு கதவைத் திறந்தார்கள். ஏற்கெனவே உறுப்பினரான ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். உறுப்பினர் ஒருவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் மின்னணுச் சாவியில் அவருடைய கையொப்பம் வாங்க வேண்டும். பிறகு ஒருவர் உங்களைக் கேள்வி கேட்பார். திட்டத்தின் கொள்கை தெரியுமா, வேலை தெரியுமா என்று இரண்டையும் பார்ப்பார். இறுதி ஒப்புதல் தருபவர்களுக்கு அங்கே என்ன பதவிப் பெயர் தெரியுமா? அக்கவுண்ட் மேனேஜர்! விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு ஃப்ரண்ட் டெஸ்க். சிரித்துவிட்டேன்.

நடைமுறை சரிதான், ஆனால் நீளம். விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பக்கத்தில் உறுப்பினரே இல்லாத ஊர்க்காரர் கையொப்பத்துக்கு எங்கே போவார்? மெஸ் நண்பரைத் தேடிய அதே பாடு.

அடுத்த பத்து வருடத்தில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்தார்கள். 2004-ல் டெபியன் விமென் என்ற குழு வந்து, பெண்களுக்குக் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தது. 2007-ல் வாக்கெடுப்பு நடத்தி, டெபியன் மெயின்டெய்னர் என்று ஒரு நடு நிலையை வைத்தார்கள். முழுச் சாவி கிடையாது, அனுமதித்த பொதிகளை மட்டும் தானே ஏற்றலாம். 2005-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நோ-ஃபிரில்ஸ் கணக்கு நினைவிருக்கிறதா? குறைந்த காகிதம், குறைந்த வரம்பு, ஆனால் உள்ளே வந்தாயிற்று. அதே புத்திதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 2010 வாக்கெடுப்பு. நிரல் எழுதாமல் மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு என்று உழைப்பவர்களும் முழு உறுப்பினர் ஆகலாம் என்று முடிவானது. டெபியனை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்ததால்தான். அவர்களை வெளித் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தது நியாயமில்லை.

2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு நம் பக்கத்துக் கொச்சிக்கே வந்தது. அந்த வருடம் வெளியான பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் மேல் பொதிகள்.

இவ்வளவு வரவேற்பும் ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். 2024-ல் அதுவும் நடந்தது. எக்ஸ்இசட் என்ற சின்னச் சுருக்குக் கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதை ஒரே ஒருவர் ஊதியமில்லாமல் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக வேலை செய்தார். நடுவில் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், "வேலை நகரவில்லை, பொறுப்பை யாருக்காவது கொடு" என்ற தோரணையில் நச்சரித்தார்கள். சாவி கை மாறியது. 2024 பிப்ரவரியில் உள்ளே கள்ளக் கதவு வைத்துவிட்டார்கள். ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதில் மார்ச் 29 அன்று அம்பலமானது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை, பிழைத்தோம்.

இதைச் சொல்லி, புதியவர்களை நம்பாதே என்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் பெட்டக அறையை ஒரே ஆள் திறக்க முடியாது, இரண்டு சாவி, இரண்டு பேர். அந்தத் தனி மனிதருக்கு இரண்டாவது சாவிக்காரர் யாரும் இல்லை. உண்மையான நாலு புதியவர்கள் முன்பே வந்து பழகியிருந்தால், நச்சரித்தவர்கள் யாரிடம் போய் நச்சரித்திருப்பார்கள்?

உங்கள் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு தகவல். டெபியனின் பிழைப் பட்டியலில் 'நியூகமர்' என்று குறியிட்ட பிழைகள் தனியாகக் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் கை வைத்துப் பழகட்டும் என்று பழைய ஆட்கள் விட்டு வைத்தவை. தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த அம்மா அப்பாவுக்கும் மொழிபெயர்ப்பில் வேலை இருக்கிறது.