ஒடியா நாட்டுக் குடிப்பெயர்கள்

ஒடிசா மக்கள் தம் இயற்பெயரின் பின் வழங்கும் குடிப்பெயரைக் கண்ட அளவானே, அவர் இன்ன குலத்தினர் எனத் துணிந்துரைப்பார் பலர். பழைய ஆவணங்களில் வரும் பெயர்களுக்கும் அவ்வாறே குலம் வகுப்பர். அத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் மகாபாத்திர என்னும் பெயரை நோக்குவோம். இது கங்கர், கசபதியர் ஆட்சியில் உயர் அமைச்சர்க்கு வழங்கிய பட்டம். 14ஆம் நூற்றாண்டில் ‘சாகித்திய தர்ப்பணம்’ என்னும் அணிநூல் இயற்றிய விசுவநாதர், சாந்திவிக்கிரகிக மகாபாத்திரர் எனக் குறிக்கப்பெறுகின்றார். போரும் உடன்படிக்கையும் பற்றிய அலுவலை மேற்கொண்ட அமைச்சர் என்பது அதன் பொருள். அவர் அந்தணர். 1817இல் குர்தாவில் பைக்கர் எழுச்சிக்குத் தலைமை பூண்ட பக்சி சகபந்துவின் நெடும்பெயரிலும் வித்தியாதர மகாபாத்திர என்பது காணப்படும். அவரோ படைத்தலைவர். ஆகவே, இப்பெயர் குறிப்பது அரசன் அளித்த சிறப்பையே அன்றிப் பிறப்பை அன்று என்க.

சேனாபதி, வாகினிபதி, தளபெகரா, பைக்கராய் முதலியன படையைச் சார்ந்தவை. பைக்கர் என்போர் அமைதிக் காலத்தில் உழுதும், போர்க்காலத்தில் வாளேந்தியும், அரசன் அளித்த மானிய நிலத்தால் வாழ்ந்த குடிப்படையினர். 1803இல் ஆங்கிலேயர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின் அம்மானியங்கள் பறிக்கப்பட்டன. பின்னெழுந்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். நிலம் போயிற்று, பணியும் போயிற்று, பெயர் மட்டும் வழிவழி நின்றது.

பூரி சகந்நாதர் கோயிலில் நிலை வேறு. மடைப்பள்ளியில் அமுது சமைக்கும் சுவாரரும் (வடமொழிச் சூபகாரன் என்பதன் திரிபு), வாயில் காக்கும் பிரதிகாரியரும், திருமேனிக்கு ஒப்பனை செய்யும் சிங்காரியரும் பெயரோடு பணியையும் இன்றளவும் உடையர். அந்தணரிடை வழங்கும் சதபதி, ஓதா, உத்காதா முதலியன வேதக் கல்வியும் வேள்வித் தொழிலும் பற்றியன. கரணர் என்பார் ஆவணம் எழுதும் வகுப்பினர். பட்டநாயக், மொகந்தி என்பன அவரிடை மிகுதி. நம் ஊர்க்கணக்கரைக் குறித்த ‘கர்ணம்’ என்னும் சொல்லும் இக் ‘கரணம்’ என்பதன் வழியதே. நாயக் என்பதோ பல வகுப்பார்க்கும் பொது; 1943இல் தூக்கிலிடப்பட்ட கோராபுட்டு விடுதலை வீரர் இலக்குமண நாயக் பழங்குடியினர்.

மிக நுணுகி நோக்கற்பாலது தாசர் என்னும் பெயர். அந்தணர் ‘தாஶ’ என்றும் ஏனையோர் ‘தாஸ’ என்றும் எழுதுதல் பெருவழக்கு. ஆயினும் ஒடியாப் பேச்சில் அவ்விரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டமையின், வேற்றுமை கண்ணுக்கன்றிச் செவிக்குப் புலனாகாது. எழுத்து வழக்கும் எங்கும் நிலைபெற்றதன்று. உத்கலமணி கோபபந்து தாசர் (1877–1928) அந்தணரே. அவர் பெயர் ஸகரத்தாலேயே எழுதப்பெறுகின்றது. 15ஆம் நூற்றாண்டில் ஒடியா மொழியில் மகாபாரதம் பாடிய சாரளா தாசரோ தம்மைச் சூத்திர முனி என்றவர். அவர்தம் இயற்பெயர் சித்தேசுவர பரிடா. தாசர் என்பது தந்தைவழி வந்த குடிப்பெயர் அன்று. சாரளை என்னும் தேவிக்கு அடியராய் அவர் தாமே பூண்டது.