பிரிண்டருக்குள் கொதிப்பது என்ன?

இரவு மணி 11. நாளைக் காலை ஒப்படைப்பைக் கொடுக்கணும். பிரிண்டரைத் தட்டினால், பக்கம் முழுக்க வெள்ளைக் கோடுகள்!

மை தீர்ந்துபோச்சா? அப்படித்தான் இருக்கணும்னு இல்லை. மை வெளிவரும் துளைகள் அடைத்திருக்கலாம்.

அந்தத் துளைகளுக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

துளைக்குள் ஓர் அடுப்பு

வீட்டில் பயன்படுத்தும் ஹெச்பி, கேனன் இங்க்ஜெட் பிரிண்டர்கள் பெரும்பாலும் வெப்பத்தில் இயங்குபவை. அச்சுத் தலையில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மின்சூடேற்றி உண்டு.

விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம்தான் அதில் மின்சாரம் பாயும். அதற்குள் அதன் மேற்பரப்பு சுமார் 300 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அதை ஒட்டியுள்ள மெல்லிய மைப் படலம் மட்டும் சட்டென ஆவியாகும். மற்ற மை சூடாக நேரமே இருக்காது.

ஆவிக்குமிழ் ஊதிப் பெருத்து மையை வெளியே தள்ளும். துளி தாளில் போய் விழும். குமிழ் உடைந்ததும் காலியான இடத்துக்குப் புது மை வந்து நிரம்பும். ஒரே விநாடியில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும். அசையும் பாகம் எதுவும் இல்லாத பம்பு என்றே சொல்லலாம்!

துளி எவ்வளவு சிறியது? ஒரு துளி 5 பிக்கோலிட்டர் என்றால், ஒரு மில்லிலிட்டர் மையில் 20 கோடித் துளிகள் கிடைக்கும்.

தற்செயலாகப் பிறந்த யோசனை

1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய ஊசிமுனையில் மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூடான கருவி தெரியாமல் பட்டுவிட்டது. மை பீறிட்டது. அதைக் கவனித்த இச்சிரோ எண்டோவுக்கு யோசனை பிறந்தது. அமெரிக்காவில் ஹெச்பியின் ஜான் வாட் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார். 1984இல் ஹெச்பியின் 'திங்க்ஜெட்' விற்பனைக்கு வந்தது.

மையும் அடிப்பிடிக்கும்

பால் காய்ச்சும்போது பாத்திரத்தில் அடிப்பிடிக்குமே, அதேதான் இங்கேயும். மையிலுள்ள பொருள்கள் கருகிச் சூடேற்றியில் படிந்தால் குமிழ் பலவீனமாகும். துறையினர் இதைக் 'கோகேஷன்' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் கருகலைக் குறிக்கும் 'கோகே' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

மைதான் சூட்டையும் தணிக்கிறது. மை தீர்ந்த பிறகும் விடாமல் அச்சிட்டால் சூடேற்றி எரிந்துபோகலாம். கேட்ரிஜிலேயே அச்சுத் தலை இருந்தால் கேட்ரிஜை மாற்றினால் போதும். இயந்திரத்தோடு சேர்ந்த தலை என்றால் பர்ஸ் அழும்.

எப்சன் வேறு வழியில் போகிறது. அதில் மின்சாரம் பட்டால் வளையும் பொருள் மையைத் தள்ளும். கொதிக்கவைக்கும் வேலை இல்லை. ஆனால் அதிலும் துளை காய்ந்தால் அடைக்கும்.

சுவரில் அணைக்காதீங்க

பலர் செய்யும் தவறு இது. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைத்தால், அச்சுத் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பாதி வேலையில் சுவர் சுவிட்சைத் தட்டினால் துளைகள் திறந்தே கிடக்கும். மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

அடைத்துவிட்டதா? சுத்தம் செய்யும் வசதியை ஓரிரு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மை செலவாகும், ஞாபகம் இருக்கட்டும். அச்சுத் தலையுள்ள கேட்ரிஜ் என்றால், வெதுவெதுப்பான நீரில் லேசாக நனைத்த, நூல் பிரியாத துணியால் துளைப்பகுதியை மெதுவாக ஒற்றி எடுக்கலாம்.

அப்பவும் கோடு போகலையா? ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிட்டுத் தூங்கப் போங்க.